மாட்டியவர்தான் கழற்ற வேண்டும்

“கழட்டாதீங்க சித்தப்பா!”

பொடிசு போட்ட சத்தத்தில் சித்தப்பாவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இரவு முழுக்க வாய் திறக்காமல் இருந்தவள், விடிந்ததும் இப்படி அலறினால் பார்க்காமல் என்ன செய்வார்கள்?

அவர் கழற்றப் போனது ஒரு தகரத் தகடு. உள்ளங்கை அகலம், சிவப்புப் பெயிண்ட், அதன்மேல் வெள்ளை எழுத்தில் ‘ஆள் உள்ளே. கை வைக்காதே.’ மோட்டார் சைக்கிளின் சாவித் துவாரத்தை மறைத்தபடி கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி நிற்பதோ வாசற்கதவுக்கு நேர் குறுக்கே. ஹேண்டில் பூட்டு போட்டிருப்பதால் உருட்டவும் முடியாது. பூட்டைத் திறக்கச் சாவி போட வேண்டும், சாவி போடத் தகட்டைக் கழற்ற வேண்டும். வெளியே வேன் வந்து கால்மணி நேரமாகிறது. உள்ளறையில் அப்பா படுத்திருக்கிறார், அவரை எடுத்துப்போக வேறு வழி இல்லை.

“ஏம்மா, உனக்கு நேரங்காலம் தெரியாதா? ஒரு தகரத்துக்கா இந்த ஆர்ப்பாட்டம்?” என்றார் சித்தப்பா. எங்கே போனாலும் பொறுப்பைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்கிற மனிதர் அவர். அண்ணன் செத்த வீட்டில் சும்மா இருப்பாரா?

“மாட்டினவங்கதான் கழட்டணும். அப்பா சொல்லியிருக்காரு.”

“மாட்டினவர்தான் போயிட்டாரே!”

முப்பத்தெட்டு வயதாகியும் வீட்டில் அவள் பொடிசுதான். கல்யாணம் ஆகி, அது சரிப்படாமல் திரும்பி வந்து ஏழு வருஷமான பிறகும் பொடிசுதான். மருந்துக்கடையில் பத்துப் பேரை வரிசையில் நிறுத்தி வைத்துச் சமாளிக்கிறவள், இப்போது வண்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவளைக் காப்பாற்றியது நட்டு மாமா. அப்பாவும் அவரும் லிஃப்ட் கம்பெனியில் முப்பது வருஷம் ஜோடியாக வேலை பார்த்தவர்கள். எந்தச் சட்டையைப் போட்டாலும் பையில் நாலு நட்டு கிடக்கும் என்பதால் அந்தப் பெயர். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், தகட்டைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார்.

“பொண்ணு சொல்றது சரி. டேக்ல கை வைக்கக் கூடாது. வேணும்னா வண்டியத் தூக்கி வைங்க.”

“நூத்தெண்பது கிலோ இருக்கும்யா!”

“நாலு பேரு புடிச்சா நாப்பத்தஞ்சு. பாரு, கணக்கு எவ்வளவு லேசா இருக்கு!”

கடைசியில் ஆறு பேர் பிடித்தார்கள். வேன் டிரைவர் ஒரு கை கொடுத்தார். சித்தப்பா கை கொடுக்கவில்லை, ‘இந்தப் பக்கம், இந்தப் பக்கம்’ என்று சொல்லிக்கொடுத்தார். அப்பாவுக்கு முன்னால் அவருடைய வண்டி அந்த வீட்டு வாசலைத் தாண்டி வெளியே போய் மதில் ஓரமாக நின்றது. அதற்குப் பிறகு அப்பா போனார்.

*

நேற்றுச் சாயங்காலம் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, பின்சீட்டுப் பக்கத்தில் பை மாட்டும் கம்பியை முடுக்கிக்கொண்டிருந்தவர், அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அம்மா டீ கொண்டுவந்து வைத்து, ஆறிப்போகுது என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். மூன்றாவது தடவை கோபமாகத் திரும்பியபோதுதான் தெரிந்திருக்கிறது.

அவருக்கு அறுபத்தேழு வயது. போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மூன்றாம் மாதமே, “நாப்பது வருஷம் மேலயும் கீழயுமாவே போயிட்டேன். இனி ஒரு தடவ நேரா போகணும்” என்று அறிவித்தார். மோட்டார் சைக்கிளில், தனியாக, இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், பதினோரு நாள். நெடுஞ்சாலை எங்கே கடலில் முட்டி நிற்கிறதோ அதுவரைக்கும். “துணைக்கு யாராச்சும் வரட்டும்” என்று அம்மா கெஞ்சியதற்கு, “துணையோட போனா அவன் பேசறதக் கேட்டுக்கிட்டே போகணும்” என்றுவிட்டார். நோட்டுப் போட்டு ஒவ்வொரு சாமானாக எழுதி, வாங்கி, பையில் வைத்து, டிக் அடித்தார். லிஃப்ட்டுக்குப் பழகிய கை. ஒரு நட்டைக்கூட இரண்டு தடவை தொட்டுப் பார்க்காமல் விடாது.

பொடிசுக்குப் பயம். அப்பாவின் மாத்திரைகளைக் கடையில் இருந்து எடுத்து வருகிறவளே அவள்தான். எந்த மாத்திரை எதற்கு, அதை ஒரு வேளை விட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அத்துப்படி. சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். அவர் கேட்கிற ஜாதி இல்லை. அப்புறம் ஒருநாள், அவர் உபரியாக வாங்கி வைத்திருந்த கிளட்ச் கேபிளை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அடுத்த வாரம் பஞ்சர் சாமான் டப்பா. அதற்கடுத்து சாலை வரைபடம். மூன்றும் கடையில் குளுக்கோஸ் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தன. ஒரு சாமான் குறைந்தால் அப்பா கிளம்ப மாட்டார் என்று நம்பினாள்.

ஆனால் அப்பா தேடியதோ ஐந்து சாமான். கையுறையைக் காணோம் என்றார், மழைக்கோட்டைக் காணோம் என்றார். அவை இரண்டையும் அவள் தொடவே இல்லை. அப்படியானால் அவருக்கு நிஜமாகவே மறதி வந்துவிட்டது! அவள் அம்மாவிடம் சொன்னாள், அம்மாவும் உடனே, “எனக்கும் அப்படித்தான் படுதுடி” என்றாள். மறதிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் திங்கட்கிழமை பத்து மணிக்கு நேரம் வாங்கினார்கள். அப்பா மறுபேச்சு பேசவில்லை. “சரிம்மா” என்றார்.

டாக்டரிடம் நேரம் வாங்கிய அன்று காலையில் அவர் கூடத்தின் நடுவில் நோட்டோடு நின்றது பொடிசின் கண்ணைவிட்டுப் போகவில்லை.

“பொடிசு, நான் வெச்சத நானே மறக்கறேனா?”

வரைபடம் அப்போது அவள் கைப்பையில் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, “வயசாச்சுல்லப்பா” என்றாள்.

பாவி, எப்படி வாய் வந்தது? அன்று சாயங்காலம்தான் அவர், லிஃப்ட் ரிப்பேரின்போது மாட்டுகிற அந்தத் தகட்டைக் கொண்டுவந்து மாட்டினார். வீட்டை லிஃப்ட் என்று நினைக்கிற அளவுக்கு முற்றிவிட்டதே என்று அவள் அப்போது பயந்தாள். இப்போது, எல்லாம் முடிந்து வீடு கழுவிவிட்ட மத்தியானத்தில், ஒரே ஒரு கேள்விதான் அவளைப் பிடுங்கித் தின்றது. புத்தி தெளிவாக இருந்த மனுஷன், தன் புத்தி கெட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தாரா?

*

நட்டு மாமா போகவில்லை. சமையலறை மேஜையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி, சுத்தமாக இருந்த மேடையை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

பொடிசு வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். கேபிள், டப்பா, வரைபடம், குளுக்கோஸ் பெட்டி, ‘வயசாச்சுல்லப்பா’ வரைக்கும்.

“நான்தான் மாமா அவர பைத்தியமாக்கிட்டேன். தனக்கு மூளை கலங்கிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டே போயிருக்காரு.”

நட்டு மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

“அட கூறுகெட்ட பொண்ணே. அந்த டேக்க எப்ப மாட்டுவோம் தெரியுமா?”

“வேலை நடக்கும்போது.”

“வேலை நடக்கும்போது தனியா இருந்தா எதுக்கு டேக்கு? நான் கூண்டுக்கு மேல நிக்கிறப்போ கீழ எவனோ தெரியாம சுவிட்ச போட்டா நான் கூழு. அதுக்குத்தான் டேக்கு. அடுத்தவன் கை படும்னு தெரிஞ்சாதான் மாட்டுவோம். தனக்கு மறதின்னு நெனைக்கிறவன் வெச்ச எடத்த நோட்டுல எழுதி வெப்பான். உங்கப்பன் என்ன பண்ணான்? டேக்கு மாட்டினான்.”

பொடிசு அவரையே பார்த்தாள்.

“எங்கிட்டதான் வந்து வாங்கிட்டுப் போனான். ரிட்டையர் ஆனவனுக்கு டேக்கு எதுக்குடான்னு கேட்டேன். ‘வீட்டுல ரெண்டு பேரு கை வைக்கிறாங்கடா. பயத்துல பண்றாங்க. சண்ட போட மனசில்ல’ன்னான். சொல்லிட்டு என்னா சிரிப்பு! திங்கக்கிழம பத்து மணிக்கு டாக்டராம், இவன் அஞ்சு மணிக்கே கிளம்பறதா இருந்தான்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஏதோ இடித்தது.

“ரெண்டு பேரா? நான் ஒருத்திதானே மாமா?”

மேடையைத் துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது. அப்புறம் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரியின் மேல்தட்டில் இருந்த பழைய மிக்ஸி அட்டைப்பெட்டியை இறக்கினாள். அதற்குள் இருந்து ஒரு ஜோடி கையுறையும், மடிப்புக் கலையாத மழைக்கோட்டும் வெளியே வந்தன.

“அடிப்பாவி அம்மா!”

“நீ மட்டும் என்னவாம்?”

“நான் மூணுதான் எடுத்தேன். மத்த ரெண்டையும் அவரு தொலைச்சாருன்னு…”

“நான் ரெண்டுதான் எடுத்தேன். மத்த மூணையும் அவரு தொலைச்சாருன்னு…”

நட்டு மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். “திருட்டுலயும் ஒரு ஒத்துமை வேணாமா?” என்றார். அம்மாதான் முதலில் சிரித்தாள். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தாள். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று பொடிசுக்குத் தெரியவில்லை. எழுந்துபோய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

கிளம்பும்போது நட்டு மாமா வாசலில் நின்று வழிமுறையைச் சொன்னார். மாட்டியவன் வராமலே போய்விட்டால் கம்பெனியில் ஒரு முறை உண்டு. ரெண்டு பேர் சேர்ந்து லிஃப்ட் பள்ளத்தில் இருந்து உச்சிவரை பார்க்க வேண்டும். உள்ளே யாரும் இல்லை என்று உறுதியானதும் மூன்று தடவை கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் ரெண்டு பேரும் கை சேர்த்துக் கழற்றலாம்.

“நீங்களும் வாங்களேன் மாமா.”

“கை வெச்சது நீங்க ரெண்டு பேரு. எனக்கென்ன வேலை?” என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையில் நட்டுகள் குலுங்கப் போனார்.

*

மறுநாள் காலையில் பொடிசு மருந்துக்கடைக்குப் போய், ஷட்டரைத் திறந்த கையோடு தன் மூன்று சாமான்களையும் எடுத்து வந்தாள். முதலாளி விடுமுறை எத்தனை நாள் என்று கேட்டார். சாயங்காலம் சொல்கிறேன் என்றாள்.

அம்மா நோட்டோடு வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் ஒவ்வொன்றாக வாசிக்க, பொடிசு பையில் வைத்துக் காட்டினாள். அப்பா கேள்விக்குறி போட்டிருந்த ஐந்து இடத்திலும் அம்மா தன் கையாலேயே டிக் அடித்தாள். டயர், செயின், பிரேக், விளக்கு என்று கீழே இருந்து மேல் வரை பார்த்தார்கள். வேறு ஒன்றும் பாக்கி இல்லை.

“கூப்பிடும்மா.”

“நீ கூப்பிடு.”

“நீதான் கூப்பிடணும்.”

நாற்பத்தொரு வருஷமாக அம்மா அவரைப் பேர் சொல்லி அழைத்ததில்லை. கூடத்தைப் பார்த்துத் திரும்பி, “ஏங்க” என்றாள். சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டாள். கொஞ்சம் பொறுத்து, “ஏங்க” என்றாள். எதிர்வீட்டில் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்ட சத்தம் கேட்டு அடங்கியது. மூன்றாவது தடவை குரல் எழும்பவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பொடிசு அம்மாவின் கையைப் பிடித்துத் தகட்டின் மேல் வைத்தாள். கொக்கி துளி அடம்கூடப் பிடிக்காமல் வந்துவிட்டது.

“பதினாறு முடிஞ்சதும் நான் போயிட்டு வரட்டுமாம்மா?”

அம்மா தகட்டை முந்தானையால் துடைத்தாள், இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“பதினோரு நாளா?”

“பன்னெண்டு வெச்சுக்கோ. நான் அவரளவுக்கு ஓட்ட மாட்டேன்.”

“தினமும் ரெண்டு வேளை போன் பண்ணணும்.”

“பண்றேன்.”

“உன் சாமானையும் தூக்கி ஒளிச்சு வெக்க எனக்குத் தெம்பில்லடி” என்றாள் அம்மா. சொல்லும்போது கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் நேராக வந்தது. “உக்காந்து காட்டு. கால் எட்டுதா பாப்போம்.”

பொடிசு ஏறி உட்கார்ந்தாள். நுனிக்கால் எட்டியது. சாவியைத் திருப்பி, பட்டனை அழுத்தினாள். வண்டி முதல் அழுத்தலிலேயே உறுமிப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பின்னாடி தெரியுதா?” என்று சத்தத்துக்கு மேலே அம்மா கேட்டாள்.

பொடிசு பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். அது அப்பாவின் உயரத்துக்கு வைத்தது. மாடிச் சுவரின் விளிம்பும் வானமும்தான் தெரிந்தன.

“ஒண்ணும் தெரியலம்மா.”

அம்மா கிட்டே வந்து கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே திருப்பினாள். வானம் போய்ச் சுவர் வந்தது. சுவர் போய்க் கதவு வந்தது.

“இப்போ?”

“இன்னும் கொஞ்சம் கீழ. இன்னும். நில்லு, நில்லு. நீ தெரியற.”

அம்மா அந்தத் திருகை விரலாலேயே இறுக்கினாள்.

“ஆடாம உக்காரு. அந்தப் பக்கமும் பாத்துடலாம்” என்று சொல்லிவிட்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தாள்.