மூன்றாம் வரிசை, ஏழாவது கல்

1

இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னவரும் சொல்லிவிட்டுக் குழாயை மூடப் போய்விட்டார்.

பேருந்து வர ஒரு மணி நேரம் இருந்தது. நிழல் தேடி உள்ளே போனேன். போர்வீரர்களின் கல்லறைத் தோட்டம். உறங்குபவர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள் அல்ல. இந்த நாட்டோடு போரிட வந்து இங்கேயே மடிந்த எதிரிநாட்டுப் பையன்கள். நானூறு வெள்ளைக் கற்கள். ஒட்ட வெட்டிய புல். ஒரே ஒரு கல்லின் காலடியில் மட்டும் இடுப்பளவு ரோஜாச் செடி பூத்துக் குலுங்கியது. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"இவருக்கு மட்டும் என்ன விசேஷம்?" என்று தோட்டக்காரரிடம் கேட்டேன்.

"அது தப்பா வச்சதும்மா."

அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பீரங்கிகள் ஓய்ந்து அறுபது ஆண்டுகள் ஆகியும் அந்த மண்ணில்...' அடித்துவிட்டேன். நான் பீரங்கியைப் பார்த்ததே இல்லை.

அடுத்து: 'தோட்டக்காரரின் அண்ணனும் அதே போரில், எதிரியின் நாட்டில்...' இதையும் பாதியில் நிறுத்தினேன். அண்ணனைச் சாகடித்தால்தான் தம்பியின் இரக்கத்தை நீங்கள் நம்புவீர்கள் என்று நினைத்தது என் அற்ப புத்தி. காரணம் இல்லாமலும் ஒருவர் நல்லவராக இருக்கலாமே. கடவுள் நம்மிடம் காரணம் கேட்டுக்கொண்டா மழை தருகிறார்?

ஆகவே அண்ணன் இல்லை. தெருவில் அவரை 'எதிரிக்காரர்' என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "ஆமா, நானூறு பேர் எங்கூட இருக்காங்க, வம்புக்கு வராதீங்க" என்பார்.

3

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கண்காணிப்பாளர் ஒரு கடிதத்தைப் படித்துச் சொன்னார். எதிரிநாட்டிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தாள். மூன்றாம் வரிசை, ஏழாவது கல் என் அண்ணன். அவனுக்கு ஒரு ரோஜா வைக்க முடியுமா?

தோட்டக்காரர் வைத்தார். கேட்டது செடி மட்டும்தான். ஆனால் ஆண்டுதோறும் முதல் பூவைக் காகிதத்தில் அழுத்திக் காயவைத்து அவளுக்கு அனுப்பியது அவராகவே செய்தது.

(இடையில் ஒரு குறிப்பு: கல்லில் உள்ள பெயரைப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த எழுத்து அவருக்கு எறும்பு ஊர்ந்தது போலத்தான். அவருக்குத் தெரிந்தது எண்ணிக்கை. எந்த வாசலில் புல்வெட்டியைத் தள்ளத் தொடங்குவாரோ, அங்கிருந்தே எண்ணுவார்.)

இப்போது அந்தத் தங்கை நேரில் வரப்போகிறாள். எழுபத்தைந்து வயது. அதற்காகக் கண்காணிப்பாளர் பழைய வரைபடத்தை எடுத்து வந்தார். அதில் வாசல் எதிர்ப்பக்கம் இருந்தது. சாலையை அகலப்படுத்தியபோது அந்த வாசலை அடைத்து, இந்தப் பக்கம் புதிதாக வைத்திருக்கிறார்கள். இவர் வேலைக்கு வரும் முன்பே நடந்தது. பதிவேடு பழைய வாசலிலிருந்து எண்ணுகிறது. இவர் புதிய வாசலிலிருந்து. ஒன்பது வருஷமாக ரோஜா வேறொருவன் தலைமாட்டில். அவள் பத்திரப்படுத்திய பூவெல்லாம் யாரோ ஒருவனுடையது.

கண்காணிப்பாளர் கவனிக்கவில்லை. இவர் கவனித்துவிட்டார். அன்றிரவு தட்டின் முன் உட்கார்ந்து மனைவியிடம் சொன்னார்.

"நாலு எண்ணத் தெரியாதவர நம்பி நானூறு கல்லக் குடுத்தாங்க பாருங்க," என்றாள் மனைவி. பிறகு முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "சரி விடுங்க. செடியப் பேத்து அங்க வச்சிடுங்க."

"ஒம்பது வருஷத்து வேரு. செத்துப்போயிடும்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அப்புறம் அவனுக்கு?"

"எவனுக்குங்க?"

"இத்தன நாளா வச்சிருந்தவனுக்கு."

மனைவி தட்டை நகர்த்தி வைத்தாள். "அப்போ அன்னைக்குக் காய்ச்சல்னு லீவு போடுங்க. தெரிஞ்சா வேலை போயிடும்."

4

நானும் அதையே எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்கப் போர்த்திப் படுக்க வைத்தேன். மனிதர் படுக்கவில்லை. நான் தேநீர் போட எழுந்த நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தங்கையிடம் சொல்லாமல் மறைக்கும் முடிவும் ஒன்று இருந்தது. அது நடக்காது. அவளுக்குத்தான் படிக்கத் தெரியுமே. கல் காட்டிக்கொடுக்கும் முன் அவர் வாய் சொல்லியாக வேண்டும்.

5

சொன்னார். புல்லில் அவள் கால் வைக்கும் முன்பே, வாசலிலேயே, மொழிபெயர்க்க வந்த பெண்ணிடம்.

"பொண்ணு, இத அப்படியே சொல்லிடு. நான் எண்ணுனது தப்பு. பூவெல்லாம் அவங்க அண்ணனுது இல்ல."

"இப்பவேவா ஐயா?"

"இப்பவே."

தங்கை கேட்டுக்கொண்டாள். அண்ணனின் கல் எங்கே என்று கையால் கேட்டாள். அது மொட்டையாக இருந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்து நெடுநேரம் நின்றாள். பிறகு தானாகவே திரும்பி, தோட்டத்தைக் குறுக்கே கடந்து ரோஜாவிடம் போனாள். குனிந்து, இலைகளை விலக்கி, கல்லில் இருந்த பெயரைச் சத்தமாகப் படித்தாள்.

தோட்டக்காரர் அந்தப் பெயரை அன்றுதான் முதல்முறை கேட்டார். திருப்பிச் சொல்லிப் பார்த்தார். தப்பு. அவள் திருத்தினாள். மறுபடி தப்பு. அவள் உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. மூன்றாம் முறை சரியாக வந்தது.

"இவனப் பாக்க யார் வருவாங்கன்னு கேக்கறாங்க, ஐயா."

"யாரும் வந்ததில்லம்மா. ஒம்பது வருஷமா இந்த ரோஜாவா இவங்கதான் வந்துட்டிருந்தாங்க."

அந்தப் பெண் அதைச் சொன்னாள். தங்கை கேட்டாள். பதிலாக ஒரு வாக்கியம் சொன்னாள், கொஞ்சம் நீளமானது.

'நான் உங்களை மன்னித்து...' என்று எழுதினேன். அடித்தேன். 'என் ஒன்பது பூவையும் திருப்பி...' இதுவும் இல்லை.

எனக்கு அந்த மொழி தெரியாது. மொழிபெயர்க்கும் பெண்ணோ தோட்டக்காரர் பக்கம் திரும்பிவிட்டாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார். அவள் வாய் திறந்திருக்கிறது, சொல்ல வேண்டியது மட்டும் காகிதத்தில் இல்லை. நீங்கள் அவள் காதில் சொல்லுங்கள், அவள் அப்படியே சொல்லிவிடுவாள். சீக்கிரம், பாவம், அந்த மனிதர் வெயிலில் நிற்கிறார்.