ஸ்டிக்கர் இருந்த இடம்

விமானி இருக்கைக்கு எதிரே ஒரு ஸ்டிக்கர் இருந்தது. வானம் தெளிவாக இருந்தால் மட்டும் இந்த ஜி.பி.எஸ், மேகத்துக்குள் தரையிறங்க ஆகாது என்று அதில் எழுதியிருந்தது. ஒட்டியவன் இந்த விமானத்தின் மெக்கானிக்கான நான். இன்று காலை அதைக் காணோம். பிசின் மட்டும் பிசுபிசுத்தது.

"நான்தான் சுரண்டினேன்," என்றார் முதலாளி. வாயிலிருந்த பல்குச்சியை எடுத்து மிச்சத்தையும் கிளறினார். திரும்ப வாயில் வைத்துக்கொண்டார்.

"போற இடத்துல மலையெல்லாம் மூட்டம். பயணிங்க வந்தாச்சு. இறங்கலாம்னு கையெழுத்துப் போடுப்பா."

"பழைய கருவி சார். சாட்டிலைட் தப்பாச் சொன்னா இதுக்குத் தெரியாது. தெரிஞ்சு எச்சரிக்கிற கருவி இருந்தாத்தான் மேகத்துல இறங்கலாம்."

"ஏன், மலை இடம் மாறிடுச்சா?" தானே சிரித்துக்கொண்டார். "சந்தேகம்னா என் போனையும் பக்கத்துல ஒட்டிக்க."

ஓட்டப்போகிறவன் என் மச்சான். இறந்துபோன என் மனைவியின் தம்பி. அவனும் சிரித்தான். அதுதான் தாங்கவில்லை.

"போடுங்க மாமா. இன்னிக்குப் பறக்கலன்னா என் வேலை போயிடும். அம்மாவுக்கு இப்ப நான் ஒருத்தன்தான்."

"அதனாலதான் போடல."

"பொண்டாட்டி போனதுலேர்ந்து இவனுக்கு எதப் பாத்தாலும் சாவு," என்றார் முதலாளி, நான் அங்கே இல்லாததுபோல. "பக்கத்து விமான ஷெட்ல ஒரு மெக்கானிக் இருக்கான். ஒரு டீ போதும், கண்ண மூடிக்கிட்டுப் போடுவான்."

போடுவான். எனக்குத் தெரியும். முதலாளி அவனைக் கூப்பிடப் போனார்.

அந்தக் கருவிக்கு முன்பக்கம் ஒரே ஒரு திருகு. தளர்த்தினால் மேசை டிராயர்போல வெளியே வரும். உருவினேன். மடியில் வைத்து மூடியைப் பிரித்தேன். முத்திரை கிழிந்தது. இனி ஆய்வுக்கூடம் போய்த் திரும்பாமல் அதை எந்த விமானத்திலும் மாட்ட முடியாது.

"என்ன மாமா பண்றீங்க?"

"பாத்தாத் தெரியல?"

"அக்கா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?"

"அவ இருந்தா முதல்ல உன்னை அறைஞ்சிருப்பா."

அவன் ஹெட்செட்டைக் கழற்றி இருக்கையில் எறிந்தான். "இனி வீட்டுப் பக்கம் வராதீங்க. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"சரி," என்றேன்.

டீக்குக் கையெழுத்துப் போடுகிறவனோடு முதலாளி வந்தார். அந்த ஆள் பேனலில் இருந்த ஓட்டையை எட்டிப் பார்த்தான். "இதுல எங்கண்ணே போடறது?" என்று கேட்டுவிட்டுக் கையிலிருந்த டீயை உறிஞ்சினான். முதலாளி என்னைப் பெற்றவளை இழுத்துத் திட்டினார். பிறகு, பயணிகளுக்கு வேன் பிடிக்கப் போனில் கத்தினார்.

மச்சான் என்னைத் தாண்டிப் போனான். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தரையில் காலை ஓங்கி ஓங்கி வைத்து நடந்தான்.