மரம் முடிவாகிவிட்டது

மாண்புமிகு கேர்ஸ்வெல் துரையின் பழைய கறுப்புக் கோட்டு ஜேபஸ் ஹாக்கிங்குக்குத் தோளில் சரியாக உட்கார்ந்தது, கைதான் நீண்டுவிட்டது. விரல் நுனிகள் மட்டும் எட்டிப் பார்க்க, அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடித் துண்டின் முன் கிழவர் நின்றார். கண்ணாடி முகத்துக்கு மட்டும்தான் போதும் என்பதால், மார்பைப் பார்க்க அவர் குதிகாலை உயர்த்தி எம்ப வேண்டியிருந்தது. அவர் எம்பும்போதெல்லாம் மனைவி தம்சின் பிடித்திருந்த கோட்டின் கை அவள் பிடியிலிருந்து நழுவியது. வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருந்ததால் அவளால் திட்டவும் முடியவில்லை. வெளியே பாலை நிலத்திலிருந்து வடகாற்று அனலாக வீசி, தகரக் கூரை சடசடத்துக்கொண்டிருந்தது.

"இதுதான் அந்த மரம்," என்றார் ஜேபஸ் கண்ணாடியைப் பார்த்து. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கனமாக, "இதுதான்... அந்த மரம்."

விழாவில் அவர் பேச வேண்டியது அவ்வளவுதான். வெள்ளைக்காரர்கள் கப்பலில் வந்து குடியேறிய இந்தக் காலனிக்கு ஐம்பது வயது நிறைகிறது. தலைநகரிலிருந்து ஆளுநர் ரயிலேறி வருகிறார். முதல் ஆளுநர் கரையிறங்கி, இது இனி ராணியின் மண் என்று காகிதத்தைப் படித்த அதே மரத்தடியில் விழா. முதல் கப்பலில் வந்த ஆண்களில் இன்னும் காலூன்றி நிற்பவர் ஜேபஸ் ஒருவர்தான். மற்றவர்கள் செத்துப்போனதே அவருடைய தகுதி. அவர் ஆளுநருக்கு இடப்பக்கம் நின்று, அடிமரத்தில் கையை வைத்து, அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். பீரங்கி முழங்கும். வாழ்நாள் முழுக்க மரம் அறுத்த மனிதரை யாரும் எங்கும் நிற்கச் சொன்னதில்லை. ஒதுங்கி நிற்கச் சொன்னதோடு சரி.

"கமிட்டின்னா கமிட்டிதான்டி," என்றார். "ஒண்ணு விடாம யோசிச்சிருக்காங்க. கவர்னருக்குப் பந்தல், பேண்டுக்கு மேடை. ஆம்பளைங்களுக்குக் கக்கூஸ்கூட, ஓடைப்பக்கம் அந்தப் புதர் மறைவுல குழி வெட்டி, சுத்தி கித்தான் துணி கட்டி..."

தம்சின் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

"ஓடைப்பக்கம் எங்க?"

ஜேபஸ் எம்புவதை நிறுத்தினார். கண்ணாடியில் இப்போது முகம் மட்டும் இருந்தது.

"எங்கயோ. எனக்கென்ன தெரியும்," என்றார்.

அவருக்குத் தெரியும். ஊரில் அந்த இடத்தை மறவாதவர்கள் இரண்டே பேர்தான், இரண்டு பேரும் அந்த அடுப்படியில்தான் நின்றிருந்தார்கள். காகிதம் படிக்கப்பட்ட மரம் ஓடையோரம் நின்ற ஒன்று. பாய்மரம்போல நெட்டுக்குத்தாக நின்ற பெரிய யூகலிப்டஸ். முதல் மழைக்காலத்தில் அதை வெட்டிச் சாய்த்ததே ஜேபஸ்தான். வெட்டச் சொன்னது கேர்ஸ்வெல். அப்போது அவன் துரையுமில்லை, மாண்புமிகுவுமில்லை. அடுத்த கப்பலில் வந்து, அரசாங்கக் கிடங்கில் மாவு மூட்டை எண்ணும் இளம் குமாஸ்தா. கிடங்குக்குத் தூண் வேண்டும், பக்கத்தில் நேராக நின்றது அந்த மரம்தான். ராணியின் மரம் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

அதே வாரம் அவர்கள் மகள் லவ்டே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். கப்பலில் பிறந்து, மணலில் தவழப் பழகி, தவழும் பருவத்தோடு முடிந்துபோன பெண். ஊரில் அப்போது கல்லறையும் கிடையாது, பாதிரியாரும் கிடையாது. அறுத்த மரத்தில் மிஞ்சிய பலகையில் ஜேபஸ் பெட்டி செய்தார். வெட்டின மரத்தின் பக்கத்திலேயே புதைத்தார்கள். அடிக்கட்டையைக் கரையான் தின்று முடித்த பிறகு, தம்சின் சுற்றிலும் வெள்ளைக் கற்களை வைத்தாள். கல் ஒன்று புரண்டு கிடந்தால் சரி செய்துவிட்டு வருவாள். கொஞ்ச தூரத்தில் வேறொரு மரம் நின்றது, முதுகு வளைந்து கிளை தரையைத் தொட. உல்லாசமாக வருகிறவர்கள் அதன் மேல் ஏறி உட்கார வசதியாக இருந்தது. நாளடைவில் அதுதான் அந்த மரம் என்று ஊர் பேச ஆரம்பித்தது. பேசிவிட்டுப் போகட்டும் என்று அவளும் இருந்துவிட்டாள்.

"குழிய வேற எடத்துல வெட்டச் சொல்லு," என்றாள்.

"ஏன்னு கேப்பாங்களே."

"சொல்லு."

"என்னன்னு சொல்ல? மகாராணியோட மரத்த வெட்டுனவன் நான்தான்னா?"

தம்சின் தொப்பியை எடுத்து நாடாவைத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டாள்.

நகர மன்றக் கூடத்தில் கமிட்டி கூடியிருந்தது. கமிட்டி என்றால் பெரும்பாலும் இரண்டு பேர். ஒருவர் மாண்புமிகு கேர்ஸ்வெல். வெள்ளைத் தாடி, தங்கச் சங்கிலி, இரண்டுக்கும் இடையில் பெரிய வயிறு. மற்றவர் செயலாளர் பிம். மருந்துக்கடை வைத்திருந்தார். ஊரில் யாருக்கு வயிறு சரியில்லையென்றாலும் அவரிடம்தான் போக வேண்டும், ஊரில் எது திறக்கப்பட்டாலும் அவர்தான் கவிதை பாட வேண்டும். இரண்டு சேவைகளிலிருந்தும் தப்பியவர் இல்லை.

தம்சின் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். மரம் அந்த வளைந்தது அல்ல, ஓடையோரம் நின்றது. அங்கே குழி வெட்டாதீர்கள். கீழே என் பிள்ளை இருக்கிறது.

பிம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஸ்ஸஸ் ஹாக்கிங், மரம் முடிவாயிடுச்சும்மா."

"முடிவாயிடுச்சுன்னா?"

"வளைஞ்ச மரத்துக்கு அளவெடுத்துத்தான் இரும்பு வேலி வார்த்திருக்கோம். படம் வரைஞ்சு மாட்டியாச்சு. இதெல்லாம்கூடப் போகட்டும், என் கவிதை இருக்கே." எழுந்து நின்றார். கவிதை என்ற சொல் வந்தாலே எழுந்துவிடுவது அவர் வழக்கம். "நம்ம ராணியோட பேரக் கேட்டதும் மரம் தலைகுனிஞ்சு வணங்குச்சுங்கறதுதான் அதோட உயிரே. நீங்க சொல்ற மரம் எப்படி இருந்துச்சு?"

"நேரா."

"பாத்தீங்களா!" என்றார் பிம், வழக்கில் ஜெயித்தவரைப்போல.

"அந்த மரம் நாங்க கப்பல விட்டு எறங்குறதுக்கு முன்னாடியே குனிஞ்சுதான் இருந்துச்சு, ஐயா."

"முன்கூட்டியே வணங்கியிருக்கு!" என்றார் கேர்ஸ்வெல். பிம் அதை உடனே குறித்துக்கொண்டார்.

தம்சின் துரையின் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே வெட்டச் சொன்னீங்க. அந்தத் தூணு இன்னும் அரசாங்கக் கிடங்குலதானே நிக்குது. குழந்தையப் பொதச்சப்போ தொப்பியக் கழட்டிட்டு நீங்களும் பக்கத்துல நின்னீங்களே."

கேர்ஸ்வெல் தாடியை நீவினார். அவர் கண்ணில் ஏதோ ஒன்று வந்து, உட்கார இடமில்லாமல் போய்விட்டது. "எவ்வளவோ மரம் வெட்டியிருக்கோம், அம்மா. எவ்வளவோ பேரப் பொதச்சிருக்கோம்," என்றார் மென்மையாக. "எதுக்கு வாக்குவாதம்? சாட்சி வீட்டுலயேதானே இருக்கார். கேட்டுட்டாப் போச்சு."

கேட்க வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை. ஜேபஸ் அவள் பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தார். அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாமல், குண்டூசிகளோடு வந்திருந்தார்.

"வா ஜேபஸ். கோட்டு உனக்கு நல்லாவே இருக்கே," என்றார் துரை. "உன் சம்சாரம் என்னமோ சொல்றாங்க. மரம் எது, நீயே சொல்லு."

ஜேபஸ் தன் விரல் நுனிகளைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார். கண்ணாடி முன் கனைத்த அதே கனைப்பு.

"வளைஞ்ச மரந்தான், துரை."

"ஓடைப்பக்கம் ஒரு குழந்தை..."

"குழந்தை..." ஜேபஸ் தம்சினைப் பார்க்கவில்லை. "அது கப்பல்லயே போயிடுச்சு, துரை. கடல்ல விட்டோம். இவளுக்கு வயசாயிடுச்சு, அதோட இந்த வெயில் வேற."

பிம் ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து தம்சினிடம் நீட்டினார். காசு வாங்காமல் அவர் தந்த ஒரே மருந்து அதுவாகத்தான் இருக்கும். அவள் அதை வாங்கி, மேசைமேல் விரித்திருந்த கவிதைக்குப் பக்கத்தில், ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

வளைந்த மரத்தடியில் வேலி நடுகிறவர்கள் ஒரு கிழவியை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். இந்த மண்ணின் ஆதிக்குடி. ஊர் அவளை சாலி என்று கூப்பிட்டது. அவளுடைய சொந்தப் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. ஐம்பது வருஷமாகப் பார்க்கிற தம்சினும்தான். கிழவி கம்பளியையும் நாயையும் இழுத்துக்கொண்டு வந்து தம்சின் பக்கத்தில் நின்றாள்.

"மரத்துக்குக் கூண்டு போடுறாங்க," என்றாள் சாலி. "ஓடிடும்னு பயமா?"

"இதுலதான் ராணியோட காகிதத்தப் படிச்சாங்களாம்."

"இதுலயா?" சாலி சிரித்தாள். "அன்னைக்கு இதுக்கடியில நாங்கல்ல உக்காந்திருந்தோம். நீங்கல்லாம் அங்க, நெட்ட மரத்துக்கிட்ட நின்னு கத்துனீங்க. வெடி போட்டீங்க. அவ்வளவு கூட்டம் ஒரு காகிதத்தப் பாத்துத் தொப்பியக் கழட்டுதேன்னு எங்கண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சான்." கொஞ்சம் யோசித்தாள். "வெடிச் சத்தத்துல உன் புள்ள வீல்னு அழுதுச்சு. நீ மடில போட்டு ஆட்டுன."

தம்சின் அவள் கம்பளியின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"இத வந்து சொல்றியா?"

"யாருகிட்ட?"

இருவரும் கூடத்தின் பக்கம் பார்த்தார்கள். முதலில் சாலிதான் சிரித்தாள். தம்சினுக்கும் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாமல் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். வேலிக்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, வெயில் என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

அன்று சாப்பாட்டு மேசையில் ஆட்டிறைச்சி ஆறிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு நாள்டி," என்றார் ஜேபஸ். "அது முடிஞ்சதும் நானே போய் அந்தக் குழிய மூடி, சுத்தம் பண்ணி, கல்ல அடுக்கிடறேன். அவளுக்கென்ன தெரியப்போவுது?"

"அவளுக்குத் தெரியாது," என்றாள் தம்சின்.

"எனக்குன்னு இதுவரைக்கும் என்ன கெடச்சுது? சொல்லு பாப்போம்."

அவள் கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அதன் கையை மடித்து, குண்டூசிகளை உருவிவிட்டு, ஊசியில் நூல் கோத்தாள். ஜேபஸ் நிம்மதியாகத் தட்டை இழுத்துக்கொண்டார். அவள் தைத்தது என்னவோ உண்மைதான். ஆனால் அது அளவு பார்க்கப் போடுகிற ஓட்டுத் தையல். வேகமாகக் கை நீட்டினால் விட்டுப்போகும்.

விழா நாளன்று ஊர் முழுக்க வளைந்த மரத்தைச் சுற்றி நெருக்கியடித்தது. தம்சின் அடுப்படி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடைப்பக்கம் போனாள். கித்தான் கட்டியாயிற்று, குழிதான் பாக்கி. வெட்ட வேண்டிய டிரிஸ்கல் என்ற அயர்லாந்துக்காரன் முந்தின நாளே விழாவைக் கொண்டாடிவிட்டதால், அப்போதுதான் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தான். கித்தானுக்கு நடுவில், வெள்ளைக் கற்களுக்கு மத்தியில், ஒரு கிழவி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா..."

"எதுக்கு?"

"பெரிய மனுஷங்க வர்ற நேரம். காலையிலேருந்து ராணிக்கு, கவர்னருக்கு, காலனிக்குன்னு ஒவ்வொருத்தர் பேரச் சொல்லிச் சொல்லிக் குடிச்சிட்டிருக்காங்க."

"அடக்கிக்கட்டும்."

"கவர்னருமா?"

"அவருக்கு மட்டும் தனியாவா படைச்சிருக்கான்?"

டிரிஸ்கல் தலையைச் சொறிந்தான். கற்களைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "கீழ யாரும்மா?"

"லவ்டே."

அவன் தொப்பியைக் கழற்றினான். கழற்றிய பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அதைக்கொண்டு விசிறிக்கொண்டான். மண்வெட்டியைக் கித்தானில் சாய்த்துவிட்டு, கொஞ்ச தூரம் தள்ளிப் போய்த் தரையில் உட்கார்ந்து புகைக்குழாயைப் பற்றவைத்தான்.

பேண்டு நின்றது. பிம்மின் குரல் காற்றில் வந்து வந்து போயிற்று. வணங்கியது என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. பிறகு எல்லாம் அடங்கியது. கித்தானின் இடைவெளி வழியே, தலைகளுக்கு மேலே, ஜேபஸின் கை மரத்தை நோக்கி விசுக்கென்று நீள்வது தெரிந்தது. தையல் விட்டது. கோட்டின் கை சரிந்து விரல் நுனிவரை மூடிக்கொண்டது. அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க, கையே இல்லாத ஒரு கறுப்புத் துணி, துரையின் துணி, அடிமரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. கூட்டம் ஆரவாரித்தது. பீரங்கி வெடித்தது. மரக்கிளைகளிலிருந்த காக்கட்டூக் கிளிகள் வீலென்று கத்திக்கொண்டு கிளம்பின. தம்சினின் கை தன்னையறியாமல் மடிக்குப் போய், ஒருமுறை ஆட்டிவிட்டு நின்றது.

புகை கலைந்ததும், கூட்டத்திலிருந்து உயரத் தொப்பிகள் பிரிந்து இந்தப் பக்கம் திரும்பின. முதலில் மாண்புமிகு கேர்ஸ்வெல். கம்பீரமாகத்தான் புறப்பட்டார். பாதி வழியில் நடை வேகமெடுத்தது, பிறகு கிட்டத்தட்ட ஓட்டமானது. வயிற்றின்மேல் தங்கச் சங்கிலி குதித்தது. பின்னால் பிம், அவருக்குப் பின்னால் இன்னும் பலர். டிரிஸ்கல் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து நின்றான்.

தம்சின் பாவாடைத் துணியைத் தொடைமேல் நீவிவிட்டு, நாற்காலியின் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு, கற்களுக்கு நடுவே கால்களை நன்றாக ஊன்றிக்கொண்டாள். வடகாற்றில் கித்தான் உப்பியும் ஒடுங்கியும் அடித்துக்கொண்டிருந்தது.