கெசையா அப்னரிடம் சொன்னது

1

போன குளிர்காலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் வழுக்கி விழுந்தேன். யாரோ ஒருவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிக் கரையில் போட்டார். நான் இருமி முடிப்பதற்குள் சைக்கிளில் போய்விட்டார். நன்றி சொல்ல ஆள் இல்லை. இந்தக் கதை அப்படி வந்ததுதான்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'ஆயிரத்து எழுநூற்று எழுபதுகளில், இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில், நிலக்கரியின் விலை...'

வேண்டாம். கெசையாவிடமிருந்து தொடங்குகிறேன்.

கெசையா மாட்ரம், கால்வாய் வெட்டுகிறவர்களுக்குச் சமைப்பவள். அவள் கணவன் ஜோபும் மண்வெட்டிக்காரன். மழை விடாத ஒரு காலையில் கரை சரிந்து அவனை மார்புவரை மூடியது. அள்ள அள்ளக் களிமண் மறுபடி இறங்கியது. கெசையா பக்கத்து ஆற்றங்கரைக்கு ஓடினாள். அங்கே தோளில் கயிறு போட்டுப் படகு இழுக்கும் ஆட்கள் இருந்தார்கள்.

(கால்வாய் வந்தால் அந்த வேலையைக் குதிரை பார்த்துக்கொள்ளும். முந்தின வாரம்தான் இரு தரப்பும் மதுக்கடையில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தன.)

3

அவர்கள் தலைவன் அப்னர் டில்ட்டை வில்லனாகத்தான் நினைத்திருந்தேன். 'அவன் ஏளனமாகச் சிரித்து—' என்று ஒரு வரிகூட உண்டு. அவள் எதிரே வந்து நின்றதும் அவனால் சிரிக்க முடியவில்லை; அந்த வரியை அடித்துவிட்டேன்.

"உன் புருஷன் எங்க பொழப்புக்குக் குழி வெட்டுற ஆளுதானே?"

"ஆமாண்ணே. அந்தக் குழிக்குள்ளதான் கெடக்காரு."

அப்னர் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்களோடு அவள் பின்னால் ஓடினான். ஜோபின் அக்குளுக்கடியில் கயிறு சுற்றப்பட்டது. மண்டையை உடைத்தவனும் உடைபட்டவனும் ஒரே கயிற்றைப் பிடித்தார்கள்.

"வெடுக்குனு இழுத்தீங்கன்னா இடுப்பு போயிரும்டா. சேத்துல மாட்டுன படகுன்னு நெனைச்சுக்கங்க. மெதுவா" என்றான் அப்னர்.

ஜோப் உயிரோடு வந்தான், ஒரு காலில் பூட்ஸ் இல்லாமல்.

மறுநாள் கெசையா ரொட்டியும் பன்றிக்கறியும் கொண்டுபோனாள். அழுகை வந்தது, பேச்சு வரவில்லை.

"கன்னுக்குட்டி விழுந்திருந்தாலும் இழுத்திருப்போம்" என்றான் அப்னர், மென்றபடி. "கறியில உப்பு கம்மி."

4

கால்வாயில் தண்ணீர் விட்டார்கள். முதல் படகை ஒற்றைக் குதிரை விளையாட்டாக இழுத்து வந்தது. ஜோப் நொண்டிக்கொண்டே முன்னால் போய்க் கைதட்டினான். கூட்டத்துக்குப் பின்னால் அப்னர் வெறுந்தோளோடு நின்றிருந்தான். கெசையா அவனை நோக்கி நடந்தாள்.

ஒரு முடிவில், அவள் அவனுக்கு மதகுக் காவல் வேலை வாங்கித் தருகிறாள். எழுதும்போது இதமாக இருந்தது, அதனாலேயே நம்பவில்லை. இன்னொன்றில் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அது அவன் குணமில்லை.

புருஷனை மீட்டுத் தந்தவன். அந்தப் புருஷன் வெட்டிய கால்வாயால் பிழைப்பை இழந்தவன். அவன் முன் நின்று அவள் வாயைத் திறக்கிறாள். அவள் சொல்வதை நீங்கள்தான் எழுத வேண்டும். என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: அவள் சொல்லி முடிக்கும்வரை அப்னர் அங்கேயே நிற்கிறான்.