வேம்பு சொன்ன ஆபீஸ்

நேற்று தாடைக்குக் கட்டிய கட்டு தளர்ந்து, கிழவரின் வாய் மறுபடியும் திறந்துகொண்டுவிட்டது. வேம்பு எழுந்து போய், புருஷனின் பழைய வேட்டி ஒன்றைக் கரையோரம் பல்லால் கடித்து, நீளவாக்கில் கிழித்துக்கொண்டு வந்தாள். கிழிபட்ட சத்தத்துக்கு, அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மாமனாரின் தாடையைத் தாங்கிப் பிடித்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள் வேம்பு. தலைமாட்டில் இருந்த நாத்தனார் கலியம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தா.பழூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். அப்பன் காலைப் பிடித்துக் கதறி ஓய்ந்து, இப்போது குரல் கட்டிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

“கடசியா தண்ணி கேட்டாரா?”

“ம்.”

“குடுத்தியா?”

“குடுத்தேன் அண்ணி.”

“எறங்குச்சா?”

“ஒரு மொடக்கு எறங்குச்சு.”

கலியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். “அது போதும்டி. ஒரு மொடக்கு தண்ணியாச்சும் எறங்குச்சே.”

வேம்பு தண்ணீர் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவள் வீட்டிலேயே இல்லை.

மாமனார் அய்யம்பெருமாள் பெரம்பலூரில் ஒரு கூட்டுறவு ஆபீஸில் பியூனாக இருந்து ரிட்டையர் ஆனவர். ரிட்டையர் ஆன பிறகும் பத்து மணி ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் நிற்பார். பக்கத்துத் தெரு ரத்தினம்மாள் டீச்சர் வீட்டில் டிவி வந்ததும், அதில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ‘பதினோரு மணி ஆபீஸ்’ என்று ஒரு நாடகம் வந்ததும்தான் மனுஷருக்கு ஒரு பிடிப்பு கிடைத்தது. மெட்ராஸில் ஒரு ஆபீஸ். மூக்குக்கண்ணாடியை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடும் மேனேஜர், மிஷினோடு சண்டை போடும் டைப்பிஸ்ட், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் கிளார்க், ஏகாம்பரம் என்று ஒரு பியூன். அவ்வளவுதான் நாடகம். “உள்ள வந்து உக்காருங்க பெரியவரே” என்று டீச்சர் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். அவர் உட்கார மாட்டார். ஆபீஸ் வாசலில் நிற்பது மாதிரியே நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்கும்.

அப்புறம் ஒருநாள் இடப்பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. கயிற்றுக்கட்டிலே கதி என்றானது. மகன் மாயவன் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவன்; விடியுமுன் போனால் பொழுது சாய்ந்து வருவான். குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, துணி அலசுவது எல்லாம் மருமகள் வேம்புதான்.

முதல் செவ்வாய்க்கிழமையே கிழவர் கேட்டார். “ஆயி, நீ போயி அந்த நாடகத்தப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்றியா?”

போனாள். டீச்சர் கெட்டவர் இல்லை. ஆனால் வேம்புவைப் பார்த்ததும் அவருக்கு ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். “வேம்பு, கொடியில துணி கெடக்கு பாரு, அத எடுத்துட்டு வந்துடு.” “வேம்பு, அந்தக் கொடத்த அடுப்படியில வெச்சுட்டு வாயேன்.” உள்ளேயிருந்து எல்லோரும் சிரிப்பது கேட்கும். எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியாது. இரண்டு வாரம் பொறுத்தாள். மூன்றாவது வாரம் டீச்சர் வீட்டைத் தாண்டி நேரே ஏரிக்கரைக்கு நடந்துவிட்டாள். மதகுக்கட்டையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கல்யாணமான நாளாக அப்படி ஒரு அரைமணி நேரம் அவளுக்கு வாய்த்ததே இல்லை.

திரும்பி வந்தால் கிழவர் கண்ணை வாசலில் வைத்துக்கொண்டு கிடக்கிறார்.

“என்ன ஆயி, இன்னிக்கு என்ன நடந்துச்சு?”

என்ன சொல்வாள் பாவம். அவள் ஆபீஸைக் கண்டாளா? தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

“மேனேஜரு ஆபீஸ் பூரா சின்ன வெங்காயத்தக் கொட்டிக் காய வெச்சுட்டாரு மாமா.”

“ஆபீஸ்லயா? மெட்ராஸ்லயா?”

“வெல ஏறட்டும்னு வெச்சிருக்காரு. பைலுக்கு நடுவுல, நாக்காலிக்கு அடியில, எல்லா எடத்துலயும் வெங்காயம். டைப்பிஸ்ட்டு பொண்ணு கண்ணுல தண்ணி தண்ணியா ஊத்துது. பெரிய ஆபீசரு வந்து பாத்துட்டு, ஏம்மா அழுவுற, ஒனக்கு என்ன கொறன்னு அதுக்குச் சம்பளத்த ஒசத்திட்டுப் போயிட்டாரு.”

கிழவருக்குப் பாதி வாய்தான் சிரித்தது. மீதிப் பாதி அசையவில்லை. ஆனாலும் கட்டில் குலுங்கியது. “ஏகாம்பரம் என்ன பண்ணான்?” என்று கேட்டார். “அவுரு மேனேஜரு நாக்காலியில குந்திக்கிட்டு வெங்காயம் உரிக்கிறாரு மாமா” என்றாள் வேம்பு.

அன்றோடு நின்றிருந்தால் சரி. வாரா வாரம் அவள் மதகுக்கட்டைக்குப் போனாள், வாரா வாரம் ஆபீஸ் நடந்தது. கூரை ஒழுகி ஆளுக்கொரு குண்டானைத் தலையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். கிளார்க்கின் பசுமாடு மாடிப்படியேறி வந்து ரிஜிஸ்டரைத் தின்றது. சொல்லிக்கொண்டே இருக்கும்போது, தான் ஏமாற்றுகிறோம் என்பதே அவளுக்கு மறந்துவிடும். துணி அலசும்போதுதான் நெஞ்சில் முள் மாதிரி உறுத்தும். கையும் காலும் விழுந்த மனுஷனிடம் போய் இப்படிப் பொய் சொல்கிறோமே என்று இருக்கும்.

நாடகம் முடியப் போகிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். இந்தச் செவ்வாயோடு கடைசிப் பாகம். வேம்பு தனக்குள்ளே ஒரு முடிவுக்கு வந்தாள். கடைசிப் பாகத்தையாவது உள்ளபடி பார்த்து உள்ளபடி சொல்லிவிடுவது.

அந்தச் செவ்வாய்தான் நேற்று. மத்தியானத்திலிருந்தே கிழவருக்கு மூச்சு இழுத்தது. மாயவன் வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே வேம்பு முகம் கழுவித் தலையை முடிந்தாள். கிளம்பும்போது கிழவர் நல்ல கையால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னிக்குப் போவாத ஆயி.”

“கடசிப் பாகம் மாமா.”

“இருந்துட்டுப் போவட்டும். இங்கியே உக்காந்து நீயே சொல்லு.”

நோவில் ஏதோ பிதற்றுகிறார் என்றுதான் வேம்பு நினைத்தாள். பார்க்காமல் எப்படிச் சொல்வது? துணியிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். “செத்த நேரத்துல வந்துடறேன் மாமா. முழுசாப் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

டீச்சர் வேலை சொல்வதற்கு முன்பே கூடத்து நடுவில் போய் உட்கார்ந்துவிட்டாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். மேனேஜருக்கு மாற்றலாகி எல்லோரும் மாலை போட்டார்கள். அழுதார்கள், லட்டு தின்றார்கள். ஏகாம்பரம் என்பவன் சின்ன வயசுப் பையன், அரும்பு மீசை. வேம்புவுக்குத் திக்கென்றது. அவளுடைய ஏகாம்பரம் நரைத்த தலையோடு, ஒல்லியாக, காதில் பென்சில் செருகியிருப்பவர். இவ்வளவு நாளாக அவள் சொல்லி வந்த ஆட்கள் ஒருவர்கூட அந்தப் பெட்டிக்குள் இல்லை.

எதை முதலில் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று அடுக்கிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். கிழவர் வாசலைப் பார்த்தபடி கிடந்தார். கூப்பிட்டாள். தொட்டாள். உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

வெளியே மேளக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். குழி வெட்டப் போனவர்களிடமிருந்து, வேலை முடிந்தது என்று ஆள் வந்துவிட்டது; குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரப் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் ரத்தினம்மாள் டீச்சர் மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, கும்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கலியம்மாளிடம் சொன்னார்.

“என்னம்மா பண்றது. நேத்து சாயங்காலம் எங்க வீட்லதான் வேம்பு டிவி பாத்துக்கிட்டிருந்துச்சு. எந்திரிச்சுப் போச்சு, கொஞ்ச நேரத்துல கத்துற சத்தம் கேட்டுது. நல்ல மனுசர்.”

கலியம்மாள் மெதுவாகத் திரும்பி வேம்புவைப் பார்த்தாள்.

“டிவியா?”

வேம்பு குனிந்து, கிழவரின் தாடைக்கட்டைச் சரிசெய்தாள்.

“எங்கப்பன் மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கு, நீ டிவி பாக்கப் போனியாடி? ஒரு மொடக்கு எறங்குச்சுன்னியே! பாவி! ஆரு குடுத்தா அந்தத் தண்ணிய? டிவியில வந்த பொம்பளயா குடுத்தா?”

பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். மாயவன் வாசலில் வந்து நின்றான். யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டான். அவனை விலக்கிக்கொண்டு, பந்தலில் உட்கார்ந்திருந்த குருநாதன் நிலைப்படிக்கு வந்தார். கிழவர் வேலை பார்த்த ஆபீஸில் ஜீப் டிரைவராக இருந்தவர். வெள்ளிக்கிழமை தோறும் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறவர்.

“கலியம்மா, அந்தப் புள்ளய வையாத தாயி. ஒங்கப்பன்தான் அத அனுப்பறது. அது அங்க போறதில்லன்னும் அந்தாளுக்குத் தெரியும்.”

வேம்பு தலையை நிமிர்த்தினாள்.

“எங்க வூட்லயும் டிவி இருக்கு. அந்த நாடகத்த ஒரு வாரம் விட்டதில்ல நானு. ஒருநா இந்தாளு எங்கிட்ட கத சொல்றான், மேனேஜரு வெங்காயம் காயப் போட்டாருன்னு. யோவ் பெருமாளு, அப்புடி ஒண்ணும் வரலியேய்யாங்கறேன். ‘அது ஒங்க வூட்டு டிவிய்யா. எங்க வூட்டு டிவி வேற’ங்கறான்.”

பந்தலில் யாரோ சிரித்துவிட்டு, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள்.

“அந்தப் புள்ள ஒன்ன ஏமாத்துதுய்யான்னேன். ‘கம்முனு கெட. நாள் பூரா என் மூத்திரத் துணியில கெடக்குது. இந்தச் சாக்குல எங்கியாச்சும் போயி செத்த கால நீட்டிட்டு வரட்டும். வந்து அது சொல்லுது பாரு, அதக் கேக்கத்தான் நான் அடுத்த செவ்வாக்கெழம வரைக்கும் கெடக்கறேன்’னான்.” குருநாதன் துண்டால் மூக்கைத் துடைத்தார். “நேத்தும் அவன்தான் போவச் சொல்லியிருப்பான். என்ன வேம்பு?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையை அசைத்தால் போதும். கலியம்மாளின் முகம்கூட இளகி, அதற்காகவே காத்திருந்தது. அவள் நகர்ந்து கொஞ்சம் இடம்கூட விட்டிருந்தாள்.

வேம்பு கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லீங்க. நேத்து போவாதன்னாரு.”

“என்னது?”

“முந்தானையப் புடிச்சுக்கிட்டாரு. இங்கியே உக்காந்து நீயே சொல்லுன்னாரு. எனக்குத்தான் வெளங்கல.”

டீச்சர் முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்தார். வெளியே மேளக்காரர்களில் ஒருவர் பதம் பார்க்க ஒரு தட்டு தட்டினார்.

கலியம்மாள் அப்பனின் நெற்றியில் ஒட்டியிருந்த பூவிதழ் ஒன்றை எடுத்துப் போட்டாள். பிறகு, இன்னும் கோபம் ஆறாத குரலில் சொன்னாள்.

“அப்ப சொல்லேன்டி.”

“அண்ணி...”

“கேட்டாருல்ல? தூக்கறதுக்குள்ள சொல்லு.”

வேம்பு கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள். ஒப்பாரி ராகத்தில் எடுக்கப் பார்த்தாள், வரவில்லை. பேசுகிற குரலிலேயே ஆரம்பித்தாள்.

“இன்னிக்கு ஆபீஸ்ல ஒரே கூத்து மாமா. மேனேஜரு மூக்குக்கண்ணாடியக் காணோம். பீரோவுல இல்ல, பைலுக்கடியில இல்ல. கிளார்க்குதான் திருடிட்டாருன்னு டைப்பிஸ்ட்டு சொல்லுது. நான் தூங்கறவன், தூங்கறவன் எப்புடித் திருடுவேன்னு அவுரு கேக்கறாரு...”

டீச்சர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். நேற்று பார்த்த நாடகத்தில் அப்படி எதுவும் வரவில்லை.

“அப்பறம்?” என்றாள் கலியம்மாள்.

“அப்பறம் எல்லாருமா ஏகாம்பரத்தத் தேடறாங்க. அவுரக் கேட்டாத்தான தெரியும் எது எங்க இருக்குன்னு...”

குருநாதன் பந்தல் பக்கம் திரும்பி, மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஓங்கிய குச்சி அப்படியே நின்றது. குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்த பெண்கள், குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஒரு குடத்தில் எங்கேயோ ஓட்டை இருந்தது. தண்ணீர் புடவையை நனைத்து, காலோடு இறங்கி, மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.