நின்று பேசுகிறவர்கள்

சாமைக்கொல்லை மலைக்கிராமத்தில் செந்தாமரை நடத்திய மூன்றாவது கூட்டமும் முந்தைய இரண்டைப் போலவே முடிந்தது. பலாமரத்தடியில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவள் எதிரே நிமிர்ந்து நின்று, படம் போட்ட அட்டைகளை மார்புக்கு நேரே தூக்கிக் காட்டி, மனப்பாடம் செய்ததைத் தடங்கலில்லாமல் சொன்னாள். பெண்கள் தலை குனிந்து தரையைப் பார்த்தார்கள். புரிந்ததா என்று கேட்டாள். புரிந்தது என்றார்கள். சந்தேகம் உண்டா என்றாள். இல்லை என்றார்கள். பிறகு சீலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று கீழே சுகாதார ஆபீசில் யாராவது சொல்லுவார்கள். ஆனால் இவர்கள் செவிடர்கள் இல்லை. காட்டில் பழம் விழுந்தால் எந்த மரத்துப் பழம் என்று சொல்லுகிற காதுகள். அந்தக் காதுகள் அவள் வாயைத் திறந்ததும் எப்படியோ மூடிக்கொண்டன.

அவள் வெளியூர்க்காரியாக இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். அதே ஊரில் பிறந்தவள். சிறு வயதிலேயே சந்தவாசல் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். பத்தாவது முடித்தாள். மலைப்பெண் ஒருத்தி சுகாதார வேலைக்கு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பிடித்துப் போட்டார்கள். ஒடுகத்தூரில் பயிற்சி நடந்தது. போன மழைக்காலம் முழுவதும் அங்கேதான் இருந்தாள்.

அந்த மழையில்தான் சாமைக்கொல்லையில் இரண்டு பிள்ளைகள் பேதி கண்டு செத்தன. ஒன்று மாதம்மாளின் மகன். பேதி கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், நிறுத்தினால் நின்றுவிடும் என்பது ஊர் நம்பிக்கை. நிறுத்தினார்கள். நாக்கு வறண்டு, கண் குழிந்து, பிள்ளைகள் போய்ச் சேர்ந்தன. அவற்றைக் கொன்றது பேதி இல்லை, தாகம். இதைத்தான் செந்தாமரை சொல்ல வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரில் வெல்லமும் உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிள்ளை பிழைக்கும். இதைச் சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று கூட்டம் போட்டும் ஒருத்தி காதிலும் ஏறவில்லை. அடுத்த மழைக்கு வானம் தெற்கே கறுக்கத் தொடங்கியிருந்தது.

அவளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர் மாணிக்கம்மாள். மேலதிகாரி. கல்லூரி நாளில் பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவர். கணீரென்ற குரல். முதுகை வளைக்காதே, கண்ணைப் பார்த்துத் தடுமாறாதே, தலைகளுக்கு மேலே பார், முக்கியமாக நடுவில் நிறுத்தாதே, நிறுத்தினால் கூட்டம் கையை விட்டுப் போய்விடும் என்பார். வாயில் வார்த்தை இல்லாத நேரமெல்லாம் அவருக்குத் தோல்வி. பயிற்சி முடிந்த அன்று செந்தாமரை பேசியதற்குத்தான் அதிகக் கைதட்டல். மலையிலிருந்து இப்படி ஒரு குரலா என்று யாரோ வியந்தார்கள். அவளும் அன்று வியந்தாள். இப்போது நினைத்தால் அந்தக் குரல் இரவல் நகை மாதிரி கழுத்தில் உறுத்தியது.

வரும் வியாழக்கிழமை மாணிக்கம்மாளே ஜீப்பில் வந்து கூட்டத்தைப் பார்க்கப் போகிறார். அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் வேலை நிரந்தரமாகும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மூன்றாவது கூட்டத்துக்கு மறுநாள் செந்தாமரை ஊற்றில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது ஜெயம்மாள் குடத்தோடு வந்தாள். சின்ன வயதில் இருவரும் சேர்ந்து களாக்காய் பறித்தவர்கள். ஹாஸ்டலுக்குப் போன பிறகு அவளிடம் ஜெயம்மாள் நேராகப் பேசியதே இல்லை. அன்று பேசினாள்.

"ஏ செந்தாமர, நாங்க இன்னாடி திருடுனோம்?"

செந்தாமரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் திருடினதாகச் சொன்னது என்று கேட்டாள்.

"பின்ன இன்னாத்துக்கு எதிர்ல நின்னுகினு பேசுற? எங்கூர்ல எவ நிப்பா, தெரியாதா ஒனக்கு? ஹாஸ்டல் சோத்துல அதுவும் மறந்து போச்சா?"

அவ்வளவுதான் சொன்னாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

செந்தாமரை ஊற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்தாள். குடம் நிரம்பி வழிந்தது. அவள் எடுக்கவில்லை.

சாமைக்கொல்லைப் பஞ்சாயத்தில் ஒரு முறை உண்டு. குற்றம் சாட்டுகிறவர் நிற்பார். குற்றம் சாட்டப்பட்டவர் உட்கார்ந்திருப்பார். நிற்கிறவர் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறவர் தலை நிமிரக் கூடாது, எதிர்ப் பேச்சு பேசக் கூடாது. ஊரிடம் ஏதாவது கேட்க வருகிறவர் மட்டும் எல்லோருக்கும் நடுவே தரையில் உட்காருவார். வீட்டுக்குத் தூண் கல்லோ, விதைச் சாமையோ, மன்னிப்போ, எதுவானாலும் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாய் மூடிக்கொள்ள வேண்டும். பதில் வர எவ்வளவு நேரமானாலும் சரி.

இது அவளுக்குத் தெரியாததா? அவள் அப்பன் அர்ச்சுனன் அப்படித்தான் ஒரு நாள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். பெண் பிள்ளையை மலை இறக்கிப் படிக்க அனுப்பியதற்கு. ஆள் மாற்றி ஆள் நின்று பேசினார்கள். எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு, வெகுநேரம் கழித்து அவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "அனுப்புனது அனுப்புனதுதான்." ஒதுக்கி வைத்தார்கள். அவன் செத்த அன்றைக்குத்தான் ஊர் அந்த வீட்டுக்குள் மறுபடி காலடி வைத்தது.

அந்த மலை இறக்கிய படிப்பு அவளுக்கு நிற்கக் கற்றுக்கொடுத்திருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த மாதம்மாளின் எதிரே மூன்று தடவை நின்றிருக்கிறாள். தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு, நீதான் கொன்றாய் என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறாள்.

உட்கார்ந்துவிட்டால் சரியாகிவிடுமா என்று யோசித்தாள். சும்மா உட்கார முடியாது. உட்காருகிறவளிடம் கேட்க ஏதாவது இருக்க வேண்டும். அவளிடமோ சொல்லத்தான் இருந்தது, கேட்க ஒன்றுமில்லை. அந்த எண்ணத்தோடு வியாழக்கிழமை வரை நடமாடினாள்.

ஜீப் வந்தது. மாணிக்கம்மாளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து இரும்பு நாற்காலி கொண்டுவந்து பலாமரத்தடியில் போட்டார்கள். பெண்கள் வந்து தலையைக் குனிந்து உட்கார்ந்தார்கள். மாதம்மாள் கடைசி வரிசையில், மரத்தில் சாய்ந்து. மாணிக்கம்மாள் ஆரம்பிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

செந்தாமரை நடந்துபோய்ப் பெண்களுக்கு நடுவே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அட்டைகளைக் குப்புறப் பக்கத்தில் வைத்தாள்.

மாணிக்கம்மாள் ஏதோ காலில் முள் குத்திவிட்டது என்று நினைத்துக் கொஞ்சம் பொறுத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "எழுந்து நில்லு செந்தாமரை" என்றார்.

"இல்லீங்க மேடம்."

பெண்களில் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். அதிகாரி முகம் சிவந்தது. செந்தாமரை அந்தப் பக்கம் திரும்பவில்லை. வாயைத் திறந்தால் மனப்பாடப் பேச்சு தானாகக் கொட்டிவிடும் என்று பயமாக இருந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு காற்று வந்து போனது. மரத்திலிருந்து காய்ந்த இலை ஒன்று யார் மடியிலோ விழுந்தது. அந்த அமைதி மாணிக்கம்மாளால் தாங்க முடியாததாகிவிட்டது. கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடுதான் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். பெரியோர்களே, தாய்மார்களே என்று கணீரென்று தொடங்கினார். நிமிர்ந்திருந்த தலைகள் அத்தனையும் மளமளவென்று தாழ்ந்தன.

செந்தாமரை அதைப் பார்த்தாள். இத்தனை நாளும் நின்று தலைகளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் கண்ணில் படாதது அது.

"நீங்க உக்காருங்க மேடம்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "இது என் கூட்டம்."

மலைக்காட்டு ஊரில், பத்தாவது படித்த ஒரு பெண், அதிகாரியிடம் இப்படிச் சொல்லலாமா? ஜீப் டிரைவர் ரங்கன் வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டான். மாணிக்கம்மாள் நின்றார், சுற்றிலும் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். உட்கார்ந்தது கோபத்தாலா, மலைப்பாலா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

செந்தாமரை கடைசி வரிசைக்குத் திரும்பினாள். கேட்க ஒன்று இருந்தது. இத்தனை நாளாக இருந்தது.

"மாதம்மா, நான் ஒண்ணு கேக்கறதுக்கு உக்காந்திருக்கேன். சொல்றதும் சொல்லாததும் ஒன் இஷ்டம். ஒம் புள்ள கடைசியா இன்னா கேட்டுச்சு?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

இந்த முறை வந்த அமைதி வேறு. அதற்கு எடை இருந்தது. மாணிக்கம்மாள் மூச்சு விடுவது கேட்டது. மாதம்மாள் மரத்தின் பட்டையை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள். செந்தாமரைக்குக் கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. ஆனாலும் பொறுத்தாள். கேட்டவள் எழுந்து ஓட முடியாது.

"தண்ணி" என்றாள் மாதம்மாள்.

கொடுத்தாயா என்று செந்தாமரை கேட்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

மாதம்மாளுக்குப் பரிந்துகொண்டு முன்வரிசையில் ஒருத்தி கோபமாகப் பேசினாள். எப்படிக் கொடுப்பாள், ஓட்டைப் பானையில் ஊற்ற ஊற்ற ஒழுகத்தானே செய்யும் என்றாள். ஆமாம் என்றார்கள் இன்னும் சிலர். அப்போதுதான் ஜெயம்மாள் திரும்பினாள்.

"ஓட்டப் பானதான். அடுப்புல சோறு வேவுறப்ப ஒழுவுதுன்னு வெச்சிக்க. ஒழுவுதேன்னு தண்ணி ஊத்தாம வுட்டுடுவியா? சோறு இன்னாத்துக்கு ஆவும், கரிதான்."

"சோறும் புள்ளயும் ஒண்ணாடி?"

"ஒடம்பு கொதிக்குது, வவுறு ஒழுவுது. வேற இன்னாவாம்?"

அதன் பிறகு கூட்டம் கூட்டமாக இல்லை. ஒருத்தி பேதி கண்ட தன் தங்கை பிள்ளைக்கு யாரும் அறியாமல் கஞ்சித் தண்ணி கொடுத்ததையும் அது பிழைத்ததையும் சொன்னாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவள்மேல் பாய்ந்தார்கள். மாமியாருக்குப் பயந்து சொல்லவில்லை என்றாள். அவள் மாமியாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு வெடித்தது. மாணிக்கம்மாள் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. ஒரு சொற்பொழிவுக்கு அடையாளமாக அவர் அறிந்திருந்த எதுவும் அங்கே நடக்கவில்லை.

சத்தம் கொஞ்சம் அடங்கியபோது மாதம்மாள் எழுந்து நின்றாள்.

எழுந்தது எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். செந்தாமரை தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன மழையில நீ எங்கடி இருந்த? எங்க ஊட்டுப் புள்ளதான நீ?"

அவள் பேசி முடிக்கும்வரை செந்தாமரை குனிந்தே இருந்தாள். மாதம்மாள் நிறையப் பேசினாள். அழவில்லை. முடித்துவிட்டு மரத்தடியில் பழையபடி உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் செந்தாமரை நிமிர்ந்தாள்.

"கீழ இருந்தேன். நின்னு பேசக் கத்துக்கினு இருந்தேன். இனிமே நிக்க மாட்டேன்."

கொதித்து ஆறிய தண்ணீர் கேட்டாள். ஜெயம்மாள் வீட்டிலிருந்து மண்சட்டியில் வந்தது. வெல்லத்தை உடைத்துப் போட்டாள், உப்பு போட்டாள். உப்பு எவ்வளவு என்று கேட்டார்கள். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது என்றாள். சட்டி கைமாறிக் கைமாறிப் போனது. சிலர் முகத்தைச் சுளித்தார்கள். இரண்டு பேர், இதெல்லாம் ஆகிற காரியமில்லை என்று எழுந்தே போய்விட்டார்கள். கடைசியில் சட்டி மாதம்மாளிடம் வந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்து" என்றாள்.

செந்தாமரை ஊற்றினாள். மாதம்மாள் மறுபடி வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டியைத் தரையில் இறக்கினாள். ஈ மொய்க்க வந்தது. ஜெயம்மாள் சுற்றுமுற்றும் பார்த்து, பக்கத்தில் கிடந்த படஅட்டை ஒன்றை எடுத்துப் படம் மேலே தெரியச் சட்டியை மூடினாள். படத்தில் சட்டை போட்ட, கொழுகொழுவென்ற டவுன் குழந்தை வானத்தைப் பார்த்துச் சிரித்தது.

"அது ஆபீஸ் சொத்து" என்றார் மாணிக்கம்மாள். அவர் எழுந்து ஜீப் பக்கம் போயிருந்தார். கூட்டத்தைப் பற்றி அவர் அதற்குமேல் பேசவில்லை. செந்தாமரை அவரிடம் போனபோது, நீ பேசவே இல்லையே, நான் என்னவென்று எழுதுவது என்று மட்டும் கேட்டார். அதில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது.

"உக்காந்தாள்னு எழுதுங்க மேடம்."

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும். உக்காந்தது உக்காந்ததுதான்."

மாணிக்கம்மாள் அவளைப் பார்த்தார். முதல் தடவையாகத் தலைக்கு மேலே பார்க்காமல் கண்ணைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். அட்டைகளைக் கேட்கிறார் என்று புரிந்தது. செந்தாமரை திரும்பி வந்து சிதறிக் கிடந்தவற்றைச் சேர்த்து அடுக்கிக் கொடுத்தாள். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்று குறைகிறது என்றார். சட்டியின்மேல் இருப்பதைச் சுட்டிக் காட்டினார்.

பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். ஒரு தலையும் குனிந்திருக்கவில்லை.

"அது இருக்கட்டும் மேடம்" என்றாள் செந்தாமரை. "ஈ வுழும்."