மர்பி டவுன் மீன்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மீன் பிடிக்கத் தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னை ஏரிப் பக்கம் கூப்பிடக் கூடாது. அப்பா கோவிந்தப்பாவுக்குத் தண்ணீரைக் கண்டாலே பயம். அல்சூர் ஏரியில் எங்களைப் படகில் ஏற்றிவிட்டு, தான் கரையிலேயே நின்று கையாட்டுவார். அந்த மனிதர் ஆரம்பித்ததுதான் மர்பி டவுனில் இருக்கும் 'கோவிந்தப்பா அண்ட் சன்'. தூண்டில் கழியில் நூலைச் சுற்றி இழுக்க மாட்டுகிறார்களே, அந்த ரீலைச் செய்கிற கம்பெனி. ரீல் கம்பெனி என்றால் முன்பெல்லாம் சினிமாவா என்று கேட்பார்கள். இப்போது என் ஸ்கூல் டீச்சர்கள், "ரீல் விடுற குடும்பமா?" என்று கேட்டுவிட்டு அவர்களே சிரித்துக்கொள்கிறார்கள்.

அப்பா ஒரு ஃபேக்டரியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர். காக்ஸ் டவுனில் தியோடர் என்று ரயில்வேயில் இருந்து ரிட்டயரான ஒருவர் இருந்தார். காவிரிக்குப் போய் மீன் பிடிப்பார். அவருடைய சீமை ரீல் உடைந்தபோது அதைச் சரிசெய்யச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தார். சரிசெய்த கை சும்மா இருக்குமா? அதே மாதிரி ஒன்றை முழுசாகச் செய்துவிட்டார் அப்பா.

ரீலில் பெரிய விஷயம் அதன் பிரேக்தான். மீன் இழுக்கும்போது நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். பிடிவாதமாக நின்றால் நூல் அறுந்துவிடும், தாராளமாக விட்டால் மீன் போய்விடும். மழை முடிந்ததும் காவிரிக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்றார் தியோடர். அப்பாவுக்கு அதுவரை பொறுமை ஏது? தன் பெல்ட்டை என் இடுப்பில் கட்டினார், நூலை அதில் முடிந்தார், வீட்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் நிறுத்தினார். "நீதான் மீன் பாப்பா. ஓடு!"

நியாயமாகப் பார்த்தால் அண்ணன் இளங்கோவன்தான் ஓடியிருக்க வேண்டும். ஆனால் அவன் அப்போதே குண்டு. ஓடச் சொன்னால் உட்கார்ந்துவிடுவான். அதனால் அவன் கைக்குத் தூண்டில் போனது, என் இடுப்புக்கு நூல் வந்தது. நான் ஓடிக்கொண்டே கத்த வேண்டும்: வெட்டி வெட்டி இழுக்குது, ரொம்ப விடுது, இப்ப சரி. அதைக் கேட்டு அப்பா பிரேக்கைத் திருகுவார்.

அன்றிலிருந்து நான் ஓடிப் பார்க்காமல் எந்தப் புது மாடலும் கடைக்குப் போனதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து, மைதானத்தில் ஒரு குண்டுப் பையன் கல்யாணப் பெண்ணைச் சுருட்டி இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திகைத்துப்போனார்கள். மாட்டின மீனைப் பார்த்துதான் கட்டிக்கொண்டேன் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார். காக்ஸ் டவுனில் குடியேறிய பிறகும், கணக்கு டீச்சராகி, பிள்ளை பெற்று, முடி நரைத்த பிறகும், அப்பாவுக்குப் பின் கம்பெனியை நடத்தும் அண்ணன் போன் செய்வான். "பாப்பா, புது மாடல் ரெடி." நான் போய் ஓடிவிட்டு, அண்ணி ராதா கிண்டிய கேசரியைச் சாப்பிட்டுவிட்டு வருவேன். போர்டில் 'அண்ட் சன்' என்றுதான் இருக்கிறது. மகளுக்கு அந்தக் கம்பெனியில் இருந்த ஒரே இடம் அந்த மைதானம்தான். அது எனக்குப் போதுமாக இருந்தது.

இந்த வருடம் எனக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்துக்கொண்டேன். நடக்கலாம், ஓடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னபோது வீட்டுக்காரர் சாமிக்கு நன்றி சொன்னார். எனக்கு மைதானம்தான் ஞாபகம் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அண்ணன் சாத்துக்குடி உரித்துக்கொண்டே இருந்தான். யாரும் சாப்பிடவில்லை, அவனும் நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து மாதங்கள் ஆன பிறகு, ஒருநாள் போனில் அண்ணி வாய் தவறிச் சொல்லிவிட்டார், புது மாடல் தயாராகிவிட்டதாம். நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு வாரம் போயிற்று. அண்ணன் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை ஆட்டோ பிடித்துப் போய்ப் பட்டறை வாசலில் இறங்கினேன். எனக்குக் கோபம் வந்தால் குரல்தான் முதலில் உள்ளே போகும், ஆள் பின்னால்தான்.

"புது மாடல் ஆயிடுச்சாமே?"

அண்ணன் அரத்தைக் கீழே வைத்தான். "ஆயிடுச்சு பாப்பா. உக்காரு, இன்னாத்துக்கு இப்படி மூச்சு வாங்குற?"

"உக்காரல்லாம் வாணாம். யாரு ஓடினா? உன் புள்ள ஹர்ஷாவா? இல்ல, மெஷின் வாங்கிட்டியா?"

"யாரும் ஓடல."

"பொய் சொல்லாத. ஓட முடியாதவளுக்கு சும்னே எதுக்கு போன் பண்றதுன்னு விட்டுட்ட. அதான?" என் குரல் உடைந்துவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து அண்ணி இறங்கி வந்தார். "ரமா, கத்தாத, உடம்புக்கு ஆகாது. மங்களூர்லருந்து கடலுக்குப் பெரிய ரீலு வேணும்னு ரெண்டு தடவ ஆள் வந்தாங்க. முடியாதுன்னு அனுப்பிச்சிட்டாரு உங்க அண்ணன். இத்தன மாசமா உக்காந்து இதத்தான் செஞ்சிகினு கீறாரு."

அண்ணன் உள்ளங்கையை விரித்தான். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு ரீல். நாங்கள் இவ்வளவு சின்னதாக எதையும் செய்ததே இல்லை.

"சின்னப் பசங்களுக்கு," என்றான். "குளத்துல கெண்டக்குஞ்சு புடிக்க."

"இத யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல." தலையைச் சொறிந்தான். "பெரிய மீனுன்னா ஓடணும் பாப்பா. கெண்டக்குஞ்சு அப்படி ஓடாது. நடக்குற மீனே போதும். உன் டாக்டர்கிட்ட போய் எவ்ளோ வேகமா நடக்கலாம், எவ்ளோ இழுத்தா தாங்கும்னு கேட்டேன். அதுக்கு ஏத்த மாதிரிதான் பிரேக் வச்சிருக்கேன்."

"அப்ப ஏன் கூப்பிடல?" என்று அதட்டினேன்.

"ஆறு மாசம் முடியட்டும்னாரு டாக்டரு. திங்கக்கெழமதான் முடியுது. அன்னிக்கு கூப்பிடலாம்னு இருந்தேன். நீதான் அவசரக்குடுக்கை."

திங்கட்கிழமை ஸ்கூலுக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். மைதானத்து ஓரத்தில் டீக்கடைக்காரர், "ஏன் மீனக்கா, பஹள தினா ஆய்த்து!" என்று நெடுநாள் காணாததைக் கன்னடத்தில் விசாரித்தார். அந்தப் பக்கம் எல்லோருக்கும் நான் மீனக்காதான். அண்ணன் பெல்ட்டைக் கட்டிவிட்டுத் தழும்பு இழுக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். நாலடி போய்த் திரும்பி வந்து மறுபடி கேட்டான்.

நடந்தேன். முதுகுக்குப் பின்னால் ரீல் மெல்ல நூலை விட்டது. இடுப்பில் ஒரு சின்ன இழுப்பு, ஒரு விரலால் தொட்டுக் கூப்பிடுகிற மாதிரி. வெட்டவில்லை, அளவுக்கு மேல் விடவும் இல்லை. இப்ப சரி என்று கத்த வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. ஆபரேஷனுக்குக் கூட அழாதவள் நான். மைதானத்தின் நட்டநடுவே நின்று, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்து அழுதேன். இவன் எனக்காக ஒரு மீனையே சின்னதாக்கிவிட்டானே என்று அழுதேன்.

பின்னால் ஏதோ தரையில் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். புது ரீல் மண்ணில் கிடந்தது. அறுபதை நெருங்கும் என் அண்ணன், பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவன், தொப்பை குலுங்க, ஒரு செருப்பு எங்கேயோ கழன்று விழ, என்னை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தான். "பாப்பா! நெஞ்சு வலிக்குதா? பாப்பா!"

"ஒண்ணும் இல்லண்ணா!" என்று கத்தினேன். "அழுதேன், அவ்ளோதான்! ரீல் நல்லாருக்கு!"

அவன் நிற்கவில்லை. வந்து சேர்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மூச்சு திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"இனிமே," என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிட்டு அழு பாப்பா."